சந்தைக்கு ஒரு காலைப்பொழுது: சிங்கப்பூர் புறப்படும் மாகறல் வட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்த மடல்



நம் வட்டாரத்திலிருந்து நீங்கள் ஒரு குழுவாகச் சிங்கப்பூர் போகப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. உங்களில் பலருடைய அப்பா அம்மாவுக்கு நான் புவியியல் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஆளுக்கொரு கடிதமாக எழுதாமல் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அடுத்த முறை போகப்போகிறவர்களும், போக முடியாமல் ஊரில் இருக்கிறவர்களும், உங்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும்.

உங்கள் பயணத் திட்டத் தாளைப் பார்த்தேன். மெர்லயன் சிலை, செந்தோசா தீவு, யுனிவர்சல் ஸ்டூடியோ, மெரினா பே, முஸ்தபா கடையில் பொருள் வாங்க அரை நாள். கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: மூன்று வேளையும் தென்னிந்திய உணவு வழங்கப்படும். பெற்றோர் வயிற்றில் பால் வார்க்கத்தான் அந்த வரியைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. நாலு மணி நேரம் பறந்து போய், காலையில் பொங்கல், மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி சப்பாத்தி குருமா என்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் எதற்காகப் போனோம்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். அந்தத் தாளில் சில மணி நேரங்களைப் பிடுங்கி ஒரு பூங்காவுக்கும் ஒரு சந்தைக்கும் ஒரு சதுப்பு நிலத்துக்கும் கொடுங்கள். நாளுக்கு ஒரு வேளையாவது அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடுங்கள். காடு, சந்தை, சாப்பாடு என்று மூன்று தனித்தனி இடங்களாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். சிங்கப்பூரில் இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் மற்ற இரண்டும் கூடவே வரும். விசாரித்துக்கொண்டே போனால் விஷயம் கடைசியில் நம் ஊர்ப் பக்கம் வந்து நிற்கும்.

அதற்கு முன் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பயணம் எதற்கு, அந்தக் காசில் இரண்டு வகுப்பறை கட்டலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பறை கட்டத்தான் வேண்டும், கழிப்பறையும் கட்ட வேண்டும். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை கோடை விடுமுறைக்கு விமானம் ஏறும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2022 நவம்பரில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனது. 2024 அக்டோபரில் 'கனவு ஆசிரியர்' விருது பெற்ற ஆசிரியர்கள் பிரான்ஸ் போய் வந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்த நாட்களில் நான் நினைத்துக்கொண்டது நம் தறி வீடுகளைத்தான்.

கோர்வைப் புடவை நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று. நெய்கிறவர் ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு ஆள் தேவை. என் வயதுக்காரர்களின் காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சின்னப் பையன். பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும், ஆள் தறியில் இருப்பான். நன்றாகப் படிக்கக்கூடிய எத்தனையோ பேர் அப்படியே போனார்கள். உலகப் படத்தை நான் கரும்பலகையில் மாட்டியபோது அதைப் பார்க்க அவர்கள் வகுப்பில் இல்லை. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்கள். இதற்கு மேல் அந்தப் பணத்துக்கு என்ன கணக்குக் கேட்கிறீர்கள்?

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

முதலில் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1859இல் தொடங்கிய பூங்கா அது. 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், மற்ற இடமெல்லாம் இலவசம். ஆர்க்கிட் அழகுதான், பாருங்கள். ஆனால் அங்கே உங்களுக்குப் பாடம் வைத்திருக்கிற மரம் ரப்பர். 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. பிரேசில் காட்டு மரத்தின் வாரிசுகள். 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாதபடி பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார். ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று காப்பித் தோட்டக்காரர்களை அவர் விடாமல் நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வாங்கினார். பிறகு மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, மலாயாவில் காடு காடாக ரப்பர் தோட்டம் ஆனது.

பால் வெட்ட ஆள்? கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள். பக்கத்து வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று மாவட்டம் மாவட்டமாக ஆள் சேர்த்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது. அந்த மரத்தடியில் நின்று இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். ஒரு தோட்டக்காரர் ஒரு மரத்தின் பட்டையில் கத்தி வைத்த விதம் மாறியதில், கடல் தாண்டி லட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் தலையெழுத்து மாறியது. புவியியல் என்றால் இதுதான். தலைநகரங்களின் பெயரை உங்கள் அப்பாக்களை ஒப்பிக்க வைத்தபோது இதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேக்கா சந்தை. அதற்குக் காலையில் போக வேண்டும். அந்த ஊரில் சூரியன் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் உதிக்கும். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் பகலின் நீளம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். முதல் நாள் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கும். எழுந்திருங்கள்.

சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்திலேயே தேக்கா சென்டர் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீன், கறி, காய்கறி. மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். மாடியில் துணிக்கடைகள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஈரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கழுவிக்கொண்டே இருப்பதால் வந்த ஈரம் அது. தண்ணீர் எங்கும் தேங்காமல் கால்வாய்க்கு ஓடிவிடும். நான் போயிருந்த அன்று ஒரு மீன் கடையில் நின்றுவிட்டேன். சீனப் பெரியவர் ஒருவர் வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தமிழ் அம்மா. அந்த அம்மா வாயைத் திறக்கவே இல்லை. கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார், அவர் வெட்டினார். தலையைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார், குழம்புக்கு. எத்தனை வருஷத்துப் பழக்கம் அது! பக்கத்துக் கடையில் மலாய்ப் பாட்டி ஒருவர் கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்து வாங்கினார். நம் வீட்டில் முகர்வது போலவேதான்.

இங்கே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சிங்கப்பூர் தன் சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரப்பில் பாதிகூட இல்லாத நாடு, ஏறத்தாழ 60 லட்சம் பேர். எனவே காய்கறிக் கடையில் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படியுங்கள். மலேசியாவின் கேமரன் மலை என்றிருக்கும், தாய்லாந்து என்றிருக்கும், இந்தியா என்றும் இருக்கும். இருபது பொருளுக்கு ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டு, ராத்திரி அறைக்கு வந்து ஒரு உலகப் படத்தில் கோடு போடுங்கள். ஒரு ஊர் சாப்பிட எத்தனை ஊர் உழைக்கிறது என்பது அந்தத் தாளில் தெரியும். பலாப்பழம் கண்ணில் பட்டால் ஒரு சுளை வாங்கிச் சாப்பிடுங்கள். தினம் ஒரு பழம் தந்த பலாமரத்தை மாகறல் கோயிலின் தலபுராணத்தில் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நீங்கள்.

தறி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மாடிக்கும் போய், வெளியே சிராங்கூன் சாலையின் பட்டுக் கடைகளுக்கும் போய் வாருங்கள். காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்பதை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்வையா, ஒரே ஓட்டமா என்று உங்கள் விரலுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாமலும் இருக்கலாம். புவிசார் குறியீடு 2005லேயே வாங்கிவிட்டோம். அந்தக் குறியீடு பற்றிக் கடையில் கேளுங்கள், விலையையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்க வேண்டாம். ஊருக்கு வந்து உங்கள் அப்பாவிடம் கூலி எவ்வளவு என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இனி சாப்பாடு. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு சிங்கப்பூரில் சாப்பாடு விற்றவர்கள் தெருவில்தான் நின்றார்கள். தள்ளுவண்டி, காவடித் தூக்கு, ஒரு வாளித் தண்ணீர். அந்த வாளியில்தான் எல்லாத் தட்டும் முங்கி எழும். எச்சில் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். நோய் வரும். போலீஸ் வரும், வண்டியைத் தூக்கும், வியாபாரிகள் மறுபடி வருவார்கள். நமக்குப் புதிய காட்சி இல்லை. அந்த அரசு முதலில் எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. பிறகு 1971 முதல் 1986 வரை தீவு முழுக்க உணவங்காடி நிலையங்களைக் கட்டி, தெருவில் இருந்தவர்களை உள்ளே குடியேற்றியது. கூரை, குழாய், மின்சாரம், கழிவுநீர்க் கால்வாய், கழிப்பறை. சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கும் வேலை 1977இல் தொடங்கி 1987இல் முடிந்தது. தெருக்கடைகள் இடம் மாறாமல் அது முடிந்திருக்காது. இன்று அந்த நாட்டில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் அந்தச் சாப்பாட்டுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இடம் மாற்றியதில் வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். வாடிக்கையை இழந்தவர்கள், தெருவின் கலகலப்பை இழந்தவர்கள். அதையும் ஒரு பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் என் கட்சி இதுதான்: வியாபாரியை விரட்டாமல் அவருக்கு ஒரு குழாயையும் கூரையையும் கொடுத்தது பெரிய காரியம். நம் வட்டாரத்து வாரச் சந்தை ஒன்றில் கீரை விற்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். விடியுமுன் வந்து உட்காருவார், பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். கடுங்கோடையிலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சா எங்க சார் போறது?" என்றார். அவர் கட்டும் சந்தை வரிக்கு ரசீது மட்டும் தவறாமல் வருகிறது.

உணவங்காடி நிலையத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்கிறேன். முதலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். காலி மேசையின் மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது ஆள் பிடித்த இடம், உட்காராதீர்கள். எந்தச் சாப்பாட்டிலும் என்ன கறி போட்டிருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். உங்களில் சைவக்காரர்கள் இருக்கிறீர்கள், மாட்டுக்கறி பன்றிக்கறி தொடாதவர்கள் இருக்கிறீர்கள், எல்லாம் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறீர்கள். ஹலால் கடைக்குத் தனி அடையாளம் போட்டிருக்கும். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் எடுத்துப் போய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஹலால் தட்டுக்கு ஒரு அடுக்கு, மற்றதற்கு ஒரு அடுக்கு, மாற்றி வைத்துவிடாதீர்கள். பக்கத்து மேசைக்காரர் எதைச் சாப்பிட்டாலும் மூக்கைச் சுளிக்காதீர்கள். இதை மட்டும் ஆசிரியராகக் கண்டிப்போடு சொல்கிறேன்.

என்ன சாப்பிடுவது? காலையில் காயா ரொட்டி. தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் ரம்பை இலையும் சேர்த்துக் கிண்டிய காயாவைச் சுட்ட ரொட்டியில் தடவி, நடுவில் ஒரு வில்லை வெண்ணெய் வைத்துத் தருவார்கள். வெண்ணெய் உருகுவதற்குள் கடித்துவிட வேண்டும். மத்தியானம் நாசி லெமாக், அல்லது கோழிச் சோறு. சைவக்காரர்களுக்குச் சீனச் சைவக் கடைகள் உண்டு, ஏமாற மாட்டீர்கள். சாயங்காலம் தே தாரிக் குடியுங்கள். இந்தக் குவளைக்கும் அந்தக் குவளைக்கும் கை எட்டும் தூரம் வரை ஆற்றி நுரை பொங்கத் தருவார்கள். நம் டீக்கடை வித்தைதான், பால் மட்டும் டின் பால். பிறகு இந்திய மீ கோரெங். சீனருடைய நூடுல்ஸ், மலாய்க்காரருடைய மிளகாய் விழுது, நம்மவர் கைச் சுற்று. 'இந்திய' என்று பெயர் இருந்தும் இந்தியாவில் பிறக்காத சாப்பாடு அது. ரப்பர் மரத்தடியில் படித்தீர்களே, அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் இந்தத் தட்டில் இருக்கிறது. பரோட்டாவும் இடியாப்பமும் அப்பமும் அங்கே பெயர் கொஞ்சம் மாறிக் குடியுரிமை வாங்கிவிட்டன.

ஒரு தட்டு பெரும்பாலும் நாலைந்து டாலருக்குள் முடியும். நம் காசுக்கு அது அதிகம்தான், அந்த ஊர்க் கூலிக்குக் குறைவு. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று பயப்படாதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் சுகாதாரச் சோதனை உண்டு.

இனி சுங்கை பூலோ. தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் அலையாத்திக் காடும் சேற்று நிலமும். முன்பு அங்கே இறால் பண்ணைகள் இருந்தன. வேளாண் தொழில்நுட்பப் பூங்காவாக மாற்ற ஒதுக்கிய நிலம் அது. 1986இல் பறவை பார்க்கப் போன இயற்கை ஆர்வலர்கள் சிலர், இதை விட்டுவிடுங்கள், சைபீரியாவிலிருந்து பறவை வந்து இறங்கும் இடம் என்று அரசுக்கு எழுதினார்கள். அரசு கேட்டது. 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் சட்டப்படி காப்பிடமாக அறிவித்தார்கள். நிலத்துக்கு அவ்வளவு பஞ்சமுள்ள ஒரு நாடு, கட்டடம் கட்டாமல் சேற்றை விட்டுவைத்திருக்கிறது.

மாகறல் பிள்ளைகளை நான் அங்கே அனுப்ப நினைப்பது பறவைக்காக மட்டும் இல்லை. அங்கே உடும்பு இருக்கிறது. நம் திருமாகறலீஸ்வரர் கோயிலில் சுவாமியே உடும்பின் வால் வடிவம். பொன்னிற உடும்பு ஒன்றைச் சோழ மன்னன் துரத்த, அது புற்றுக்குள் மறைய, அங்கே ஈசன் வெளிப்பட்டார் என்று தலபுராணம் சொல்கிறது. ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் நீங்கள், உயிரோடு ஓர் உடும்பைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கறிக்கும், மூட்டுவலிக்கு மருந்து என்ற பேச்சுக்கும் பிடித்துத் தின்றே குறைத்துவிட்டோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. கோயிலில் கும்பிட்டுவிட்டு வயலில் கல் எடுக்கிற கை நமக்கு.

சுங்கை பூலோவில் இருப்பது நீர் உடும்பு. வேறு இனம், நம்முடையதைவிடப் பெரிது, ஆறடிக்கும் வளரும். நடைபாதைக்குக் குறுக்கே படுத்து வெயில் காயும். நான் பார்த்தது ஓர் ஆள் நீளம் இருந்தது. கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க, பிளந்த நாக்கை நீட்டி மண்ணைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வரிசை, அவர்களுடைய ஆசிரியை, ஓட்டப் பயிற்சிக்கு வந்த இரண்டு பேர், நான். யாரும் விரட்டவில்லை. அது எழுந்து, உடம்பை வளைத்து வளைத்து நடந்து, வாய்க்காலில் சத்தமில்லாமல் இறங்கிய பிறகுதான் எல்லாரும் நகர்ந்தோம். நீங்களும் அப்படி நில்லுங்கள். தொடாதீர்கள், தின்பதற்கு எதுவும் போடாதீர்கள். முதலையும் உண்டு அந்தச் சேற்றில், பாதையை விட்டு இறங்கவே கூடாது.

அதற்காக, எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது, நம்மிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினால் எனக்குக் கோபம் வரும். நமக்குக் கிட்டத்திலிருக்கும் வேடந்தாங்கலில், பறவையைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் பிளேஸிடம் உரிமைச் சாசனம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுங்கை பூலோவுக்காக மனு எழுதியதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முந்தைய கதை. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்க்காமல் சிங்கப்பூர்ப் பறவையைப் பார்க்கப் போகாதீர்கள். புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். காஞ்சிபுரத்தில் குடலை இட்லியும் சாப்பிட்டுவிடுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் உங்களிடம் "உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பார்கள். இட்லி தோசை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முழிக்கக் கூடாது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூருக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர், நமக்கு அதில் பாதி. ஆனால் பெரிய ஆறு கிடையாது. நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழையை 17 நீர்த்தேக்கங்களில் பிடிக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் மறுபடி பயன்படுத்துகிறார்கள். மலேசியாவிடமிருந்தும் வாங்குகிறார்கள், அந்த ஒப்பந்தம் 2061 வரைக்கும்தான். நமக்குப் பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்திருக்கிறது, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன். நம் செய்யாற்றை இன்று கோடையில் போய்ப் பாருங்கள், மணல் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். மெரினா பே பக்கத்து அணையின் மேல் நிற்கும்போது நம் செய்யாறு ஞாபகத்தில் இருக்கட்டும்.

உங்கள் திட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று சாயங்காலம் தேக்கா பக்கம் போங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் அங்கே கூடுவார்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், வீட்டுக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள். நீங்கள் படம் பிடிக்கப்போகும் கண்ணாடிக் கட்டடங்களில் அவர்கள் கை படாதது குறைவு. "அண்ணா, எந்த ஊரு?" என்று கேளுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் படம் எடுக்காதீர்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டி வந்தார்கள், கடன் அடைந்ததா என்று பக்குவமாகக் கேட்டால் சொல்வார்கள். உங்கள் தெருவில் ஏஜெண்டை நம்பிக் காசு கட்டத் தயாராக இருக்கிற அண்ணன் எவனாவது இருப்பான். அவனுக்கு இந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும்.

முஸ்தபா கடையை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. தைலமும் சாக்லேட்டும் வாங்காமல் வந்தால் வீட்டில் உள்ளே விட மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஒரு மணி நேரம் போதும்.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். உங்கள் ஊர் எதுவோ அங்கே வந்து உட்காருங்கள். அந்தக் கீரைக்கார அம்மா உட்காரும் வாரச் சந்தைக்காக ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன்: குடிநீர்க் குழாய் ஒன்று, கழுவிவிடும் தண்ணீர் ஓட ஒரு கால்வாய், மழைக்கும் வெயிலுக்கும் கூரை, பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை. நான் சொன்னால் வாத்தியார் ஏதோ பேசுகிறார் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தேக்காவில் ஒரு கடைக்கு இடம் எத்தனை அடி, குழாய் எங்கே, கால்வாய் எந்தப் பக்கம் சரிகிறது, கழிப்பறை எத்தனை கடைக்கு ஒன்று என்று அடி எண்ணி, படம் வரைந்து கொண்டுவாருங்கள். அளவு நாடா ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள், துணி அளக்கும் நாடாவே போதும். தீர்மானத்தோடு அந்தப் படத்தையும் இணைத்துக் கொடுப்போம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெரியவர்களின் புவியியல் ஆசிரியர்,
மாகறல்